தெளிந்திருக்கும் நேரத்தில் பேச வேண்டியது

நம்பிக்கை மையத்தில் ஆலோசகராக இருந்த ஆண்டுகளில், எச்ஐவி பரிசோதனைக்கு வரும் ஒவ்வொருவரிடமும் நான் தவறாமல் கேட்ட கேள்விகளில் இரண்டு: "மது அருந்துவீர்களா?", "போதை ஊசி போட்டுக்கொள்ளும் பழக்கம் உண்டா?" ஒரு வியாழக்கிழமை காலையில் என் எதிரே வந்து அமர்ந்த இளைஞர் இரண்டுக்குமே இல்லை என்றார். இரண்டும் உண்மையான பதில்கள். (அவர் யாரென்று தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) உதடுகள் வெடித்திருந்தன. கன்னத்தின் உட்புறம் கடிபட்டுப் புண்ணாகியிருந்ததால், கொடுத்த தண்ணீரைக் குடிக்கும்போது முகம் சுளித்தார். சற்றுத் தயங்கிவிட்டு, "அக்கா, பெப் மாத்திரை இங்க கிடைக்குமா?" என்று கேட்டார்.

பெப் என்பது எச்ஐவி தொற்றியிருக்கலாம் என்ற நிலை ஏற்பட்டால் 72 மணி நேரத்துக்குள் தொடங்கி 28 நாட்கள் சாப்பிட வேண்டிய தடுப்பு மருந்து. எவ்வளவு விரைவாகத் தொடங்குகிறோமோ அவ்வளவு நல்லது. நடந்தது சனிக்கிழமை இரவு. மறுநாளே ஏன் வரவில்லை என்று கேட்டேன். அவர் சொன்ன பதில் இன்றும் நினைவில் இருக்கிறது. "ஞாயிறு ராத்திரி வரைக்கும் தூக்கமே வரல அக்கா. அப்புறம் திங்கள் முழுக்கத் தூங்கிட்டேன். செவ்வாய்க்கிழமை எதுக்கு உயிரோட இருக்கோம்னு இருந்துச்சு. நேத்துதான் ஆபீஸ் போனேன்." அதன் பிறகுதான் 'ஐஸ்' என்ற சொல் அவர் வாயிலிருந்து வந்தது. மெத்தபெட்டமைன் (சுருக்கமாக மெத்) என்னும் போதைப்பொருளின் புழக்கப் பெயர் அது. அவருக்குக் கிடைத்திருந்த 72 மணி நேரத்தையும் அந்தப் பொருளே விழுங்கியிருந்தது. என் கேள்விகள் அந்தப் பொருளை எட்டவே இல்லை.

தமிழில் போதை என்ற ஒரே சொல்லுக்குள் எல்லாவற்றையும் அடைத்துவிடுகிறோம். சாராயம், கஞ்சா, ஹெராயின், மெத்தபெட்டமைன் எல்லாம் நமக்கு ஒன்றுதான். சுவரொட்டிகளில் பாட்டிலும் ஊசியும்தான் இருக்கின்றன. தள்ளாடுகிறவன் போதையில் இருக்கிறான் என்பது நம் பொதுப்புத்தி. மெத்தபெட்டமைன், மெஃபட்ரோன், கொக்கைன் போன்றவை ஆளைத் தள்ளாட வைப்பதில்லை, முடுக்கிவிடுகின்றன. மூளையில் டோபமைன் பெருகி, பசி, தூக்கம், கூச்சம், தயக்கம் எல்லாம் ஒதுங்கிக்கொள்கின்றன. மெத்தின் வேகம் 8 முதல் 12 மணி நேரம் வரை நீடிக்கும் என்பதால் ஓர் இரவு எளிதில் இரண்டு பகல்களாக நீள்கிறது. தன்னைத் தெளிவாகவும் சுறுசுறுப்பாகவும் உணரும் ஒருவரிடம் "போதைப் பழக்கம் உண்டா?" என்று கேட்டால், இல்லை என்றுதான் சொல்வார். அதில் பொய்யும் இல்லை.

பாலுறவோடு இது சேரும்போது என்ன ஆகிறது என்பதை மேலோட்டமாகப் பேசிப் பயனில்லை. மணிக்கணக்கில் நீளும் உறவில் வறட்சி கூடுகிறது, மென்தோல் உராய்ந்து கிழிகிறது, வலி அப்போது தெரிவதில்லை. ஒரே ஆணுறையைத் தொடர்ந்து பயன்படுத்தினால் அது கிழியும். வழவழப்புக்காகத் தேங்காய் எண்ணெய் தடவுகிறவர்கள் நம் ஊரில் ஏராளம். லேடெக்ஸ் ஆணுறை எண்ணெய் பட்டால் பலமிழந்து கிழிந்துவிடும் என்று அவர்களுக்கு யாரும் சொன்னதில்லை. மெத் ஆசையைக் கிளப்பினாலும் விறைப்பைக் குறைப்பதுண்டு என்பதால் சில்டெனாஃபில் மாத்திரையைச் சேர்த்துப் போடுகிறார்கள். அதோடு 'பாப்பர்ஸ்' என்னும் நைட்ரைட் திரவத்தையும் முகர்ந்தால் ரத்த அழுத்தம் திடீரென்று சரிந்து உயிருக்கே ஆபத்தாகலாம். உறிஞ்சும் குழாயைப் பலர் கைமாற்றினால் அதன் வழியே ஹெபடைடிஸ் சி பரவ வாய்ப்புண்டு. ஏற்கெனவே எச்ஐவியோடு வாழ்பவர் இரண்டு மூன்று நாட்கள் தொடர்ந்து விழித்திருந்தால் முதலில் மறப்பது கூட்டு மருந்தைத்தான். முதலில் கொடுக்கும் மருந்துகள் பலன் தராதபோது மாற்றித் தரும் இரண்டாம் வரிசைக் கூட்டு மருந்தில் சேரும் ரிட்டோனாவிர், உடலில் மெத்தின் அளவை ஏற்றிவிடக்கூடியது என்பதும் அவருக்குச் சொல்லப்பட்டிருக்க வேண்டும்.

இவ்வளவையும் ஒருவரிடம் பேச வேண்டுமானால் அவர் முதலில் வாயைத் திறக்க வேண்டும். இங்கேதான் நம் ஏற்பாடு இரண்டாகப் பிளந்து கிடக்கிறது. போதை மீட்பு மையத்தில் உடலுறவைப் பற்றி யாரும் கேட்பதில்லை. கேட்டாலும் அது ஒழுக்க விசாரணையாகிவிடுகிறது. எச்ஐவி, பால்வினை நோய்ப் பிரிவுகளிலோ, நான் செய்ததைப் போல, மதுவையும் ஊசியையும் தாண்டிக் கேள்வி நகர்வதில்லை. இந்த இளைஞரே எனக்கு முன்பு ஒரு மறுவாழ்வு மையத்துக்குப் போயிருக்கிறார். போதையோடு சேர்ந்த பாலுறவைக் குறிக்க 'ஹை ஃபன்' என்று செயலிகளில் புழங்கும் சொல்லை அங்கே விளக்கியபோது, பொறுப்பாளர் எழுந்துபோய்க் கதவைத் திறந்து வைத்தாராம். அதற்குப் பிறகு இந்த இளைஞர் அங்கே எதுவும் பேசவில்லை.

ஆண்களோடு உறவு கொள்ளும் ஆண்களைப் பற்றியே இந்த விவாதம் பெரும்பாலும் நடக்கிறது. ஆனால் வாடிக்கையாளர் கொண்டுவரும் பொடியைத் தட்ட முடியாத பாலியல் தொழிலாளிப் பெண்ணும், கணவனின் வார இறுதியைப் பற்றி ஒன்றும் அறியாமல் சிஃபிலிஸ் பரிசோதனை முடிவைக் கையில் வைத்துக்கொண்டு விழிக்கும் கர்ப்பிணியும் இதற்குள் வருகிறவர்கள்தான். அவர்களிடம் "ஆணுறை பயன்படுத்துங்கள்" என்று சொல்வது, யார் கையில் முடிவு இருக்கிறது என்பதே தெரியாமல் பேசும் பேச்சு.

இனி, என்னைப் போன்ற ஆலோசகர்களுக்குக் கசப்பான ஒரு செய்தி. நாங்கள் பேசிப் பேசி ஒருவரின் நடத்தையை மாற்றிவிடுகிறோம் என்பதற்குச் சான்று மெலிது. அமெரிக்காவின் ஆறு நகரங்களில் ஆண்களோடு உறவு கொள்ளும் 4,295 ஆண்களிடம் நடந்த 'எக்ஸ்ப்ளோர்' ஆய்வில், தனி ஆலோசனை பத்து அமர்வுகள் கொடுத்தும், எச்ஐவி தொற்றில் கிடைத்த குறைவு ஏறத்தாழ 18 சதவீதம்தான். புள்ளியியல் கணக்கில் அதையும் உறுதியான குறைவு என்று சொல்ல முடியவில்லை. 2013-இல் வெளியான இன்னோர் ஆய்வில், ஒன்பது பால்வினை நோய் மருத்துவமனைகளில் 5,012 பேரைப் பார்த்தார்கள். பரிசோதனையோடு ஆலோசனை பெற்றவர்களுக்கும் தகவல் மட்டும் பெற்றவர்களுக்கும் புதிய பால்வினைத் தொற்றுகளில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. உலக சுகாதார நிறுவனமும் 2022-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், நடத்தையை மாற்றும் நோக்கத்தோடு செய்யும் ஆலோசனை தொற்றைக் குறைப்பதாகக் காட்டப்படவில்லை என்று வெளிப்படையாகவே எழுதிவிட்டது. அதே இடத்தில், தீர்ப்புச் சொல்லாமல், சக அனுபவமுள்ளவர்களையும் சேர்த்துக்கொண்டு, மற்றத் தடுப்பு வழிகளோடு இணைத்துச் செய்யும் ஆலோசனைக்கு இடமுண்டு என்றும் சொல்கிறது.

இதைப் படித்துவிட்டு ஆலோசகர் பணியிடத்தையே எடுத்துவிடலாம் என்று கணக்குப் போடுகிறவர்களோடு நான் உடன்படவில்லை. எந்த ஆலோசனை பலிக்கவில்லை என்பதைப் பார்க்க வேண்டும். "கவனமாக இருங்கள், ஆணுறை அணியுங்கள், துணைகளைக் குறைத்துக்கொள்ளுங்கள்" என்று தெளிந்த மனிதரிடம் வாங்கும் வாக்குறுதியை, சனிக்கிழமை நள்ளிரவில் வேறொரு மனநிலையில் இருக்கும் அதே மனிதர் காப்பாற்ற வேண்டும் என்று நாம் எதிர்பார்க்கிறோம். அந்த நேரத்தில் யோசிப்பதற்கு எதையும் மிச்சம் வைக்காமல், வியாழக்கிழமையே ஏற்பாடுகளை முடித்துவைக்க உதவுவதுதான் ஆலோசகரின் வேலை என்று நான் நினைக்கிறேன். எச்ஐவி தொற்றாமல் தடுக்க, தினம் ஒரு மாத்திரையாக முன்கூட்டியே போடும் பிரெப் மருந்து, எச்ஐவி, சிறுநீரகப் பரிசோதனைகளுக்குப் பின் மருத்துவர் எழுதிக் கொடுத்தால் நம் ஊர் மருந்துக்கடைகளிலும் கிடைக்கிறது. ஹெபடைடிஸ் பி தடுப்பூசி, மூன்று மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனை, பையில் நீரை அடிப்படையாகக் கொண்ட வழவழப்புக் களிம்பு, தனக்கென்று ஒரு குழாய், மாத்திரைக்குத் தொலைபேசியில் அலாரம், செவ்வாய்க்கிழமை மாலை அழைத்து "சாப்பிட்டியா?" என்று கேட்க ஒரு நண்பர். இவற்றில் எதற்கும் நள்ளிரவு மன உறுதி தேவையில்லை.

அதற்காகப் போதைப் பழக்கத்தை அப்படியே விட்டுவிடலாம் என்று சொல்லவில்லை. லாஸ் ஏஞ்சலஸில் ஸ்டீவன் ஷாப்டா குழுவினர் 2005-இல் வெளியிட்ட ஆய்வு எனக்கு முக்கியமாகப் படுகிறது. மெத்துக்கு அடிமையான 162 ஆண்களுக்கு, அவர்கள் அனைவரும் ஓரினச் சேர்க்கையாளர்கள் அல்லது இருபாலீர்ப்பாளர்கள், பதினாறு வாரங்கள் நான்கு வகையான சிகிச்சைகளில் ஒன்றைக் கொடுத்தார்கள். அவர்களது வாழ்க்கைச் சூழலையும் பாலுறவையும் வெளிப்படையாகப் பேசிய சிகிச்சையில், ஆபத்தான உறவு முதல் நான்கு வாரங்களிலேயே வேகமாகக் குறைந்தது. பாலுறவைப் பற்றித் தனியாக எதுவும் பேசாத மற்ற வகைகளிலும், பதினாறு வாரம் முடிவதற்குள் அது கணிசமாகக் குறைந்திருந்தது. மெத் குறைய, ஆபத்தும் கூடவே குறைந்தது. ஒரு மையத்தில் பேசாததை இன்னொரு மையம் பேசிக்கொள்ளும் என்று நாம் நம்பிக்கொண்டிருப்பது எவ்வளவு பெரிய தவறு என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

ஹெராயினுக்குப் புப்ரினார்ஃபின் இருப்பதைப் போல மெத்துக்கென்று அங்கீகரிக்கப்பட்ட மாற்று மருந்து எதுவும் இன்றுவரை இல்லை. இருப்பவற்றில் வலுவான சான்றுள்ளது பரிசு முறைதான்: வாரத்தில் இரண்டு மூன்று முறை சிறுநீர்ப் பரிசோதனை, மெத் இல்லையென்றால் ஒரு சிறு கூப்பன், தொடர்ந்து இல்லையென்றால் கூப்பனின் மதிப்பு ஏறிக்கொண்டே போகும். இதை ஒரு கூட்டத்தில் சொன்னபோது, "போதை அடிக்காததற்குக் காசு கொடுப்பார்களா?" என்று சிரித்தார்கள். காசநோயாளிக்குச் சத்துணவுக்காக மாதந்தோறும் பணம் கொடுக்கும் நாடு இது. சிகிச்சையின் செலவாக அதை ஏற்றுக்கொண்ட நமக்கு, இதில் மட்டும் ஏன் சிரிப்பு வருகிறது என்று யோசிக்கலாம்.

வாயைத் திறக்கவிடாத இன்னொரு பயம் போலீஸ். 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்தில் 64ஏ என்றொரு பிரிவு இருக்கிறது. பயன்படுத்தியதற்காகவோ சிறிய அளவு வைத்திருந்ததற்காகவோ குற்றம் சாட்டப்பட்ட, போதைக்கு அடிமையான ஒருவர், அரசு மருத்துவமனையிலோ அங்கீகரிக்கப்பட்ட மையத்திலோ தானாக முன்வந்து சிகிச்சையை முழுமையாகப் பெற்றால், அவர் மீது வழக்கு நடத்தக் கூடாது என்கிறது. எச்ஐவி நிலையை ஒப்புதலின்றி வெளியிடுவதற்கு எதிரான பாதுகாப்பு 2017-ஆம் ஆண்டுச் சட்டத்தில் இருக்கிறது. ஆபத்தைக் குறைக்கும் முயற்சிகளைக் குற்றமாக்கக் கூடாது என்பதும் அதே சட்டத்தில்தான். இவை ஆலோசகருக்கே தெரியாமல் போனால், எதிரே இருப்பவருக்கு எப்படித் தைரியம் சொல்வது? "நான் சொல்றத எங்கயாச்சும் எழுதுவீங்களா அக்கா?" என்று அந்த இளைஞர் கேட்டபோது பதிவேட்டை அவர் பக்கம் திருப்பிக் காட்டினேன். 'ஐஸ்' என்ற சொல்லை எழுதுவதற்கு அதில் இடமே இல்லை. அன்று அது அவருக்கு ஆறுதலாகவும் எனக்குச் சங்கடமாகவும் இருந்தது.

அவருக்கு அன்று பெப் கொடுக்க முடியவில்லை. பரிசோதனை செய்து, மூன்று மாதம் கழித்து மறுபடி வரச் சொன்னேன். செவ்வாய்க்கிழமை மனநிலையைப் பற்றித் தனியாக நெடுநேரம் பேசி, மனநல மருத்துவரிடம் அனுப்பினேன். மூன்றாவது மாதம் வந்தார். எச்ஐவி இல்லை, சிஃபிலிஸ் இருந்தது. பென்சிலின் ஊசி போட்டுக்கொண்டு இடுப்பைத் தேய்த்தபடியே மறுபடி என் அறைக்கு வந்து, பிரெப் தொடங்கி ஆறு வாரம் ஆகிறது, இதுவரை இரண்டு நாள்தான் விட்டுப்போனது என்றார். ஐஸை நிறுத்தவில்லை. முன்பு வாரந்தோறும் இருந்தது இப்போது மாதம் ஒருமுறை என்று சொன்னார். நான் மறுபேச்சில்லாமல் எழுதிக்கொண்டேன், பதிவேட்டின் ஓரத்தில், பென்சிலால்.