படத்தில் கேட்டது வேறு, தட்டில் இருப்பது வேறு

'ஒரிஜினல் சவுண்ட்டிராக்' என்று இசைத்தட்டின் உறையில் அச்சடித்திருந்தால், படத்தில் ஒலித்த அதே இசைதான் உள்ளே இருக்கிறது என்று நம்மில் பெரும்பாலோர் நம்புகிறோம். பல தட்டுகளில் அது உண்மையில்லை. சுறா மீன் படமான 'ஜாஸ்' (Jaws) படத்துக்கு ஜான் வில்லியம்ஸ் அமைத்த இசை 1975-இல் எல்.பி.யாக, அதாவது நீண்ட நேரம் ஓடும் இசைத்தட்டாக, வந்தது. அந்தத் தட்டில் இருப்பது படத்துக்காக வாசித்தது அல்ல, தட்டுக்கென்றே மறுபடி வாசித்துப் பதிவு செய்தது. திரையரங்கில் கூட்டத்தை நடுங்க வைத்த பதிவு தனி வெளியீடாக வந்தது பல ஆண்டுகள் கழித்துத்தான். '2001: எ ஸ்பேஸ் ஒடிசி' இன்னும் விசித்திரம். தொடக்கக் காட்சியில் வரும் ரிச்சர்ட் ஸ்ட்ராஸின் இசையை, படத்தில் நடத்துபவர் ஹெர்பர்ட் வான் கராயன், வாசிப்பது வியன்னா ஃபில்ஹார்மோனிக் இசைக்குழு. 1968-இல் விற்ற ஆல்பத்திலோ கார்ல் பேம் நடத்திய பெர்லின் ஃபில்ஹார்மோனிக்கின் பதிவு. தட்டை வாங்கிப் போட்டுக் கேட்ட அத்தனை பேரும் படத்தின் இசையைக் கேட்பதாகவே நினைத்தார்கள்.

இதை ஏமாற்று என்று நான் சொல்லவில்லை. சவுண்ட்டிராக் ஆல்பம் படத்தின் நகல் அல்ல, அது தனிப் படைப்பு என்பதே என் வாதம். இதிலிருந்து இன்னொன்றும் வருகிறது: தட்டில் ஏறியதுதான் நினைவில் நிற்கிறது. ஏறாதது, எவ்வளவு நல்ல இசையாக இருந்தாலும், ஒரு தலைமுறைக்குள் காணாமல் போகிறது. தமிழில் அப்படிக் காணாமல் போனது கொஞ்சநஞ்சமல்ல. பின்னணி இசை என்ற ஒரு முழு உலகம்.

முதலில் தட்டு ஏன் வேறாக இருந்தது என்று பார்த்துவிடுவோம். காசு ஒரு காரணம். அமெரிக்காவில் இசைக்கலைஞர் சங்கத்தின் விதிப்படி, படத்துக்காக வாசித்த பதிவையே ஆல்பத்தில் போட்டால் வாசித்தவர்களுக்கு மறுபயன்பாட்டுத் தொகை கொடுக்க வேண்டும். நூறு பேர் வாசித்த இசை என்றால் அது பெரிய தொகை. அதனால் ஒன்று, சின்னக் குழுவை வைத்து மறுபடி பதிவு செய்தார்கள். அல்லது 30 நிமிடத்தோடு நிறுத்திக்கொண்டார்கள். எண்பதுகளில் வந்த பல ஆல்பங்கள் அரை மணி நேரத்தில் முடிந்துவிடுவதற்குப் பின்னால் இந்தக் கணக்கு இருக்கிறது.

இரண்டாவது காரணம் தட்டின் உடல். நிமிடத்துக்கு 33⅓ சுற்று வேகத்தில் சுற்றும் 12 அங்குல எல்.பி.யில் ஒரு பக்கத்துக்குச் சுமார் 22 நிமிடம் வசதியாக ஏறும். 25-ஐத் தாண்டினால் பள்ளங்களை நெருக்கி வெட்ட வேண்டும், ஒலி அளவைக் குறைக்க வேண்டும், இரைச்சல் மேலே வரும். அதோடு, சுற்றும் வேகம் மாறாவிட்டாலும் ஊசிக்கு அடியில் பள்ளம் ஓடும் வேகம் மாறிக்கொண்டே இருக்கும். வெளி விளிம்பில் நொடிக்கு ஏறக்குறைய 51 செ.மீ. ஓடும் பள்ளம், லேபிளுக்குப் பக்கத்தில் 21 செ.மீ.தான் ஓடுகிறது. அந்தக் குறுகிய நீளத்தில் அதே உயர் ஒலிகளை நெருக்கி எழுதுவதால், பக்கத்தின் கடைசிப் பாடலில் 'ச', 'ஷ' எல்லாம் கரகரக்கும், பித்தளை வாத்தியங்கள் கிழியும். அதனால் அமைதியான உருப்படிகளைக் கடைசிக்குத் தள்ளுவார்கள். பல ஆல்பங்களின் வரிசை படத்தின் கதை வரிசையில் இல்லாததற்கு இதுவும் ஒரு காரணம்.

மூன்றாவது காரணம் ரசனை. படத்தில் இசை 40 நொடி வரும், வசனத்துக்கு வழிவிட்டுக் கரையும். வீட்டில் உட்கார்ந்து கேட்பவருக்கு அது போதாது. ஹென்றி மான்சினி 'பீட்டர் கன்' என்ற தொலைக்காட்சித் தொடரின் இசையை ஆல்பமாக்கியபோது முழு நீள ஜாஸ் (jazz) இசை உருப்படிகளாக மறுபடி பதிவு செய்தார். 1959-இல் நடந்த முதல் கிராமி விழாவில் ஆண்டின் சிறந்த ஆல்பம் விருது அதற்குத்தான் போனது. தொலைக்காட்சி இசையைக் காசு கொடுத்து வாங்கிக் கேட்கலாம் என்ற எண்ணத்தையே அந்தத் தட்டு பரப்பியது. இங்கே மறுபதிவு நல்லதே செய்தது. 'சைக்கோ'வில் கதை வேறு. படம் வந்தது 1960-இல். அதன் இசையமைப்பாளர் பெர்னார்ட் ஹெர்மன் தன் இசையை முழுமையாகத் தட்டுக்காக நடத்தியது 1975-இல், அதுவும் படத்தைவிட மெதுவான நடையில். படம் பார்த்த காது அந்தத் தட்டைக் கேட்டால் சற்றுத் தடுமாறும். இரண்டும் ஹெர்மனுடையதே. ஆனால் ஒன்றை மற்றொன்றின் இடத்தில் வைக்க முடியாது.

இனி நம் பக்கம். நம் திரையிசையில் நடந்தது நேர் எதிர். பாடலை முதலில் பதிவு செய்து, பிறகுதான் படமாக்குகிறோம். படம் வருவதற்கு முன்பே தட்டு கடைக்கு வந்துவிடும். ஆகவே இங்கே ஆல்பம் படத்தின் நினைவுப் பொருளாக அல்ல, முன்னறிவிப்பாகவே பிறந்தது. 78 வேகத் தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதலாக மட்டுமே இடம். பாட்டு நீண்டால் பாதியில் வெட்டி இரண்டு பக்கமாகப் பிரிப்பார்கள், அல்லது ஒரு சரணத்தை விட்டுவிடுவார்கள். அந்தக் காலத் தட்டைக் கேட்டுப் பழகியவர் படத்தில் கூடுதல் சரணம் வரும்போது திகைப்பது இதனால்தான். பின்னால் வந்த ஏழு அங்குல இ.பி.யில் பக்கத்துக்கு இரண்டு பாடல், மொத்தம் நான்கு. படத்தில் ஆறு பாடல் இருந்தால் இரண்டு வெளியே நிற்கும், அல்லது இன்னொரு இ.பி.க்குப் போகும். எந்தப் பாட்டு 'ஹிட்' ஆகும் என்பதை இந்தக் கணக்கும் ஓரளவு முடிவு செய்தது.

வானொலி அதை உறுதி செய்தது. 1952-இல் தகவல் ஒலிபரப்பு அமைச்சர் கேஸ்கர் காலத்தில் அகில இந்திய வானொலி திரைப்பாடல்களை ஒதுக்கியபோது, நேயர்கள் இலங்கை வானொலிக்குத் திரும்பினார்கள். 1957-இல் விவித் பாரதி தொடங்கித்தான் அவர்களை ஓரளவு மீட்க முடிந்தது. இரண்டு இடத்திலும் ஒலித்தவை தட்டில் இருந்த பாடல்கள். தமிழில் 'சினிமா இசை' என்றாலே பாட்டு என்று ஆனது இப்படித்தான். மேற்கே ஒரு படத்தின் இசை என்றால் வாத்திய இசையைத்தான் முதலில் நினைப்பார்கள். 1977-இல் 'ஸ்டார் வார்ஸ்' இசை, பாடலே இல்லாமல், இரட்டை எல்.பி.யாக 75 நிமிட அளவுக்கு வந்து விற்றது. அப்படியொரு தட்டு நம்மிடம் அன்று வந்திருந்தால் நம் காதுகள் வேறு மாதிரி வளர்ந்திருக்கும் என்று உறுதியாக நம்புகிறேன்.

பின்னணி இசை எப்படிப் பதிவானது என்று தெரிந்தால் அது ஏன் கிடைப்பதில்லை என்பதும் புரியும். நம் ஊர்ச் சொல்லில் அது 'ரீ-ரெக்கார்டிங்'. 35 மி.மீ. படத்தில் ஓர் அடிக்கு 16 பிரேம், நொடிக்கு 24 பிரேம், ஆக நிமிடத்துக்கு 90 அடி. 1,000 அடி ரீல் 11 நிமிடம் ஓடும். ஒவ்வொரு ரீலாகத் திரையில் ஓட்டி, இசை எங்கே தொடங்கி எங்கே நிற்க வேண்டும் என்று குறித்து, குறிப்பு எழுதி, வாத்தியக்காரர்கள் சேர்ந்து வாசிக்க, படத்தோடு ஒத்து ஓடும் காந்தப்பூச்சு ஃபிலிமில் பதிவு செய்வார்கள். பிறகு வசனம், ஒலி விளைவு, இசை மூன்றையும் கலந்து ஒரே ஒலித்தடமாக்குவார்கள். கலந்த பிறகு பிரிக்க முடியாது. கலப்பதற்கு முந்தைய இசைச் சுருளை யாராவது பத்திரமாக வைத்திருந்தால்தான் உண்டு. அதை விற்கும் எண்ணமே இல்லாதபோது யார் வைப்பார்கள்? வைத்தாலும் அசிடேட் அடிப்படையிலான காந்த ஃபிலிம் வெப்பத்திலும் ஈரத்திலும் சிதையும். டப்பாவைத் திறந்தால் வினிகர் வாடை அடிக்கும், ஃபிலிம் சுருங்கி நெளியும். ஒரு சுருளில் தொடங்கினால் பக்கத்துச் சுருள்களையும் அது கெடுக்கும்.

இரண்டு இடங்களில் இன்னும் தேடலாம். ஒன்று, வேறு மொழியில் டப்பிங் செய்வதற்காகத் தயாரித்த இசை-விளைவுத் தடம், தொழிலில் 'எம் அண்ட் ஈ' என்பார்கள். அதில் வசனம் இருக்காது. கதவுச் சத்தமும் காலடியும் இருக்கும், ஆனாலும் வசனத்துக்கு அடியில் புதைந்த இசையைவிட ஆயிரம் மடங்கு மேல்.

இன்னொன்று, யாரும் மதிக்காத கதை வசனத் தட்டு. 'திருவிளையாடல்' வசனம் ஒலிபெருக்கியில் ஊரெல்லாம் கேட்டது. 1984-இல் 'விதி' வசன கேசட் அதே வேலையைச் செய்தது. இந்தியில் 'ஷோலே' வசனத்தைப் பாலிடார் தனித் தட்டாகவே போட்டது. படத்தைக் கண்ணால் பார்க்காமலே காதால் மனப்பாடம் செய்த மக்களை உருவாக்கியவை இவை. வானொலி ஒலிச்சித்திரமும் அதே மரபுதான். இவற்றைச் சவுண்ட்டிராக் ஆல்பம் என்று யாரும் கணக்கில் எடுப்பதில்லை, எனக்கு அது பெரிய குறையாகத் தெரிகிறது. ஏனென்றால் படத்தின் ஒலித்தடத்திலிருந்தே எடுத்த வசனத் தட்டுகளில், பேச்சு நிற்கும் இடைவெளிகளில், அசல் பின்னணி இசை அப்படியே ஒலிக்கிறது. அந்தப் படத்தின் பிரதி தேய்ந்து கீறல் விழுந்து போயிருந்தால், தட்டில் இருப்பதுதான் தெளிவான சாட்சி.

இப்போது இணையத்தில் பிஜிஎம் (பின்னணி இசை) துண்டுகளை எடுத்துப் போடுபவர்களிடம் ஒரு வேண்டுகோள். ஆர்வத்தைக் குறை சொல்லவில்லை, அவர்கள் இல்லாவிட்டால் இதுகூட இருக்காது. ஆனால் சுருதியைப் பாருங்கள். படம் நொடிக்கு 24 பிரேம். நம் பழைய தொலைக்காட்சியின் பால் (PAL) முறையில் 25. படத்தை வீடியோவுக்கு மாற்றும்போது அப்படியே வேகமாக ஓட்டிவிட்டால், 150 நிமிடப் படம் 144 நிமிடத்தில் முடியும், சுருதி அரைச்சுரத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கு ஏறும். பாடகரின் குரல் மெலிந்து இளமையாகக் கேட்கும். இதைச் சோதிக்க எளிய வழி உண்டு: ஃபிலிம் காலப் படங்களின் தொடக்கத்தில் வரும் தணிக்கைச் சான்றிதழில் நீளம் பெரும்பாலும் மீட்டரில் இருக்கும். அதை 27.43-ஆல் வகுத்தால் நிமிடம். 4,115 மீட்டர் என்றால் 150 நிமிடம். உங்கள் கோப்பு 144 காட்டினால் சந்தேகப்படுங்கள். காட்சிகளை வெட்டியிருக்கவும் வாய்ப்பு உண்டு என்பதால், ஒரு பாடலை ஆல்பத்தின் சுருதியோடு ஒப்பிட்டு உறுதி செய்யுங்கள். சரி செய்யும்போது சுருதியை மட்டும் இறக்காதீர்கள், வேகத்தையும் சேர்த்து 0.96 மடங்காக்குங்கள். சுருதி மட்டும் மாற்றும் மென்பொருள் தாளவாத்தியத்தின் அடியை மழுங்கடிக்கும். டிவிடி அட்டையில் என்டிஎஸ்சி (அமெரிக்கத் தொலைக்காட்சி முறை) என்று இருந்தாலும் நிம்மதியாக இருக்க முடியாது. 25 பிரேமில் மாற்றியதிலிருந்து திரும்ப எடுத்ததாக இருக்கலாம்.

தட்டிலிருந்து கணினிக்கு ஏற்றுபவர்கள் முதலில் ஊசியைக் கவனிக்க வேண்டும். 78 வேகத் தட்டின் பள்ளம் அகலமானது, சுமார் 75 மைக்ரான் முனை தேவை. ஸ்டீரியோ எல்.பி. ஊசி 18 மைக்ரான் அளவு. அதை 78-இல் வைத்தால் பள்ளத்தின் அடியில் விழுந்து அழுக்கைத்தான் வாசிக்கும். பழைய மோனோ இ.பி., எல்.பி.க்கு 25 மைக்ரான் நன்றாக உட்காரும். சுத்தம் செய்வதில் ஒரே ஒரு எச்சரிக்கை: 78 தட்டு அரக்கு. ஆல்கஹால் கலந்த எதையும் அதில் தொடவிடாதீர்கள், மேற்பரப்பு கரைந்துவிடும், திரும்ப வராது. காய்ச்சி வடித்த நீரில் இரண்டு துளி மென்சோப்பு போதும், லேபிள் நனையக்கூடாது.

1954-க்குப் பிறகு உலகம் முழுக்க ஆர்.ஐ.ஏ.ஏ. என்ற ஒரே ஒலிச் சமன்முறைக்கு வந்தது. வெட்டும்போது அடி ஒலியைக் குறைத்து, உச்ச ஒலியைக் கூட்டுவார்கள். ஊசியிலிருந்து வரும் மெல்லிய ஒலியைப் பெருக்கும் ப்ரீ-ஆம்ப் அதைத் தலைகீழாக்கும். அதற்கு முந்தைய தட்டுகளை அதே ப்ரீ-ஆம்பில் போட்டால் உச்ச ஒலி செத்துப் போய், போர்வைக்குள்ளிருந்து பாடுவது போல் கேட்கும். அது தட்டின் குற்றமல்ல.

24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ், ஸ்டீரியோவாகவே பதிவு செய்யுங்கள், தட்டு மோனோவாக இருந்தாலும். உச்ச அளவு மைனஸ் 6 டெசிபலைத் தாண்ட வேண்டாம். நிமிடத்துக்கு 35 எம்.பி. அளவு பிடிக்கும், 40 நிமிட எல்.பி. ஒன்று 1.4 ஜி.பி. இன்றைக்கு அது பெரிய இடமில்லை. இந்தக் கச்சாப் பதிவைத் தொடாமல் தனியே வையுங்கள். பிறகு பிரதி எடுத்து, இரண்டு சேனலின் அளவையும் சமப்படுத்தி ஒன்றாகக் கூட்டினால், மோனோ தட்டில் மேலும் கீழுமாக வரும் இரைச்சல் தானே ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும். அதற்கு மேல் இரைச்சல் நீக்கியை முடுக்கினால் வயலின் வில்லின் உரசலும், பாடகர் மூச்செடுப்பதும், தபலாவின் கிளிக்கும் சேர்ந்து போய்விடும். பழைய மோனோ பாடல்களுக்கு எதிரொலி சேர்த்துப் போலி ஸ்டீரியோவாக விற்ற சி.டி.க்கள் செய்த கெடுதலை நாமும் செய்ய வேண்டாம்.

உறையையும் லேபிளையும் இரண்டு பக்கமும் படம் எடுத்து வையுங்கள். லேபிளைச் சுற்றியுள்ள வெற்றுப் பகுதியில் பொறித்த மேட்ரிக்ஸ் எண்தான் எந்தப் பதிப்பு என்று சொல்லும். உறையில் இருக்கும் பெயர்களை மட்டும் வேதவாக்காக எடுக்காதீர்கள். 1949-இல் வந்த 'மஹல்' படத்தின் புகழ்பெற்ற பாடலுக்கு, தட்டில் பாடகியின் பெயராக அச்சானது 'காமினி', அதாவது கதாபாத்திரத்தின் பெயர். பாடியவர் லதா மங்கேஷ்கர். பாடியவருக்கே அந்த நிலை என்றால் புல்லாங்குழலும் ஷெனாயும் வாசித்தவர்களை எந்த உறையில் தேடுவது? 'மால்குடி டேஸ்' தொடரின் முகப்பிசையை முணுமுணுக்காத ஆள் இல்லை. அதை அமைத்த எல். வைத்தியநாதன் என்ற பெயரைச் சொன்னால் எத்தனை பேருக்குத் தெரியும்?

வீட்டில் கதை வசன எல்.பி. வைத்திருப்பவர்கள் பாடல் தட்டுகளை விட்டுவிட்டு அதை முதலில் ஏற்றுங்கள். பாடல்களுக்குப் பத்துப் பதிப்பு இருக்கிறது. வசனத்துக்கு நடுவே எட்டு நொடி வந்து போகும் அந்த வீணைக்கு வேறு பிரதி இல்லாமலும் இருக்கலாம். கோப்பின் பெயரில் படம், ஆண்டு, தட்டு எண், எந்தப் பக்கம், எந்த ஊசி, என்ன வேகம் என்று எழுதிவிடுங்கள்.