அத்திரிபாச்சாவும் ஓலைக் கொழுக்கட்டையும்

மாமியார் வீட்டில் கொழுக்கட்டை தின்றவன், பேர் மறந்துபோகாமலிருக்க ‘கொழுக்கட்டை, கொழுக்கட்டை’ என்று சொல்லிக்கொண்டே ஊர் திரும்பிய கதை தெரியும்தானே? வழியில் வாய்க்காலைத் தாண்டும்போது ‘அத்திரிபாச்சா’ என்பான். கொழுக்கட்டை போய் அத்திரிபாச்சா வாயில் ஒட்டிக்கொள்ளும். வீட்டுக்கு வந்து அத்திரிபாச்சா செய்யச் சொல்வான். பெண்டாட்டி முழிப்பாள். அடிப்பான். பக்கத்து வீட்டுக்காரி ஓடிவந்து, “அடப்பாவி, கொழுக்கட்டை மாதிரி வீங்கிப்போச்சே” என்றதும், “அதேதான்!” என்று குதிப்பான். நாம் சிரிப்போம்.

எங்கள் அப்பத்தா சொன்னதில் அந்த அடி கிடையாது. சாயல்குடிப் பக்கத்துப் பனையோலை வீடு, குனியாமல் நுழைந்தால் மண்டை இடிக்கும். அத்திரிபாச்சா ஞாபகத்திலேயே வருகிறவன் வாசல் நிலையில் முட்டிக்கொள்வான். வீங்குவது அவன் நெற்றிதான். ஏன் மாற்றினாள் என்று நான் கேட்டதில்லை. தாத்தா கை ஓங்குகிற ஆள் என்பது மட்டும் தெரியும்.

போன கார்த்திகைக்கு நான் பிள்ளைகளிடம் இப்படிச் சொன்னபோது சித்தப்பா முகம் சுளித்தார். “பரம்பரைக் கதையை இஷ்டத்துக்கு மாத்தக்கூடாதும்மா.”

சரி, கொழுக்கட்டையை மாற்றலாமா? இளம்பனையான வடலியில் குருத்தோலை வெட்டி, துடைத்து, சாண் நீளத்துக்கு நறுக்க வேண்டும். அரிசி மாவில் கருப்பட்டிப் பாகு, தேங்காய்த் துருவல், வறுத்த பாசிப்பருப்பு, ஏலம், கொஞ்சம் சுக்கு. பிசைந்ததை ஓலைக்குள் அழுத்தி, இன்னொரு ஓலையால் மூடி, ஓலைக் கிழிசலாலேயே கட்டி அவிப்போம். பிரித்தால் ஓலையின் வரி அப்படியே மாவில் பதிந்திருக்கும். மதுரைக்குக் குடிபோனதிலிருந்து சித்தப்பா வீட்டில் வாழையிலையும் வெல்லமும்தான். பரம்பரை போச்சே என்று அங்கே யாரும் அழுததாகத் தெரியவில்லை.

சண்டைதான் போட வேண்டுமென்றால் சீனி கலந்த கருப்பட்டிக்குப் போடலாம். அதில் பாகு வைத்தால் வெறும் தித்திப்பு, பதநீர் வாசமே இருக்காது. எங்கள் ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கும் பக்கத்து மாவட்டத்து உடன்குடிக் கருப்பட்டிக்கும் 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. கதைக்கும் கொடுப்பதாக இருந்தால் எந்தக் கிழவி சொன்னதற்குக் கொடுப்பார்கள்? ஊருக்கு ஒருத்தி சொல்லியிருக்கிறாள், ஆளுக்கொரு விதமாக. சில ஊர்களில் மாமியாரே வந்து அந்த வீக்கத்தைப் பார்ப்பாளாம், பெற்ற மகளின் தலையை. அதைக் கேட்டுவிட்டு எப்படிச் சிரிப்பது என்று எனக்குப் புரியவில்லை.

அடி இல்லாவிட்டால் கதையில் சுவை குறையும் என்றும் சித்தப்பா சொன்னார். குறையவில்லையே! நிலையில் ‘டொம்’ என்று முட்டுகிற இடத்தில் பிள்ளைகள் உருண்டு சிரித்தார்கள். சின்னவன் எழுந்துபோய் முட்டியும் பார்த்தான்.

இந்தக் கார்த்திகைக்குக் கருப்பட்டி வாங்கியாச்சு. ஓலைக்குத்தான் இன்னும் ஆள் சொல்லவில்லை.