ஆலயங்களின் சுற்றுச்சூழல் பணி குப்பைத்தொட்டியோடு நின்றுவிடக் கூடாது

மலேசியாவின் சிலாங்கூர் மாநிலத்திலுள்ள எங்கள் பந்திங் வட்டாரத்தில் திருவிழா அன்னதானத்துக்குப் பாலிஸ்டிரின் தட்டுகளைத் தவிர்க்குமாறு சில ஆலய நிர்வாகங்கள் கேட்டுக்கொள்வதை மனமார வரவேற்கிறேன். ஆயினும், செம்பனை (எண்ணெய்ப்பனை) தோட்டங்களில் வெயிலிலும் நஞ்சிலும் உழைப்போரின் உடல்நலத்தைப் பற்றிப் பேசாத சுற்றுச்சூழல் பணி பாதிப் பணிதான் என்பது என் உறுதியான கருத்து.

2015-ஆம் ஆண்டு இறுதியில் பாரிஸ் பருவநிலை மாநாடு கூடுவதற்கு முன்பே இஸ்லாமிய அறிஞர்கள் இஸ்தான்புல்லில் ஒரு பிரகடனம் வெளியிட்டார்கள். இந்து சமயத் தலைவர்களும் தங்கள் பிரகடனத்தை வெளியிட்டார்கள். அதே ஆண்டில் வெளிவந்த போப் பிரான்சிஸின் சுற்றுமடல், பூமியின் கூக்குரலையும் ஏழைகளின் கூக்குரலையும் சேர்த்தே கேட்க வேண்டும் என்றது. அந்த இரண்டாவது கூக்குரல் நம் தோட்டங்களில் நெடுங்காலம் கேட்பாரற்றே இருந்தது.

பாராகுவாட் களைக்கொல்லியை எண்ணிப் பாருங்கள். உடலுக்குள் சென்றால் முறிமருந்து இல்லாத அந்த நஞ்சை முதுகில் சுமந்து மருந்தடித்தவர்களில் பெரும்பாலோர் நம் பெண்கள். 2002-இல் அதைப் படிப்படியாக நிறுத்த அரசு முடிவெடுத்தது. 2006-இல் அந்தத் தடை தளர்த்தப்பட்டது. முழுத் தடை 2020 ஜனவரி 1-ஆம் தேதிதான் நடைமுறைக்கு வந்தது. அத்தனை ஆண்டுகளும் பெண்கள், தொழிலாளர்கள் உரிமைக்காகப் பாடுபடும் தெனாகனித்தா, பினாங்கு பயனீட்டாளர் சங்கம் போன்ற அமைப்புகள் விடாமல் போராடின. அதே பெண்கள் ஆண்டுதோறும் மாரியம்மனுக்குப் பால்குடம் எடுத்துவந்த ஆலயங்களிலிருந்து ஒரு கண்டனத் தீர்மானம்கூட வந்ததாக நான் அறியவில்லை. இது எனக்கு இன்றும் ஆறாத வருத்தம்.

2021-இல் வட கோலலங்காட் சதுப்பு வனத்தின் ஒரு பகுதி வனக்காப்பு நிலையிலிருந்து நீக்கப்பட்டபோது, தெமுவான் பூர்வகுடி மக்களும் சுற்றுச்சூழல் அமைப்புகளும் எழுப்பிய எதிர்ப்பே மாநில அரசைப் பின்வாங்கச் செய்தது. கரிமத்தையும் மழைநீரையும் தேக்கிவைக்கும் அந்தக் கரிமண் நிலம் நம் வாசலில்தான் இருக்கிறது. அதே ஆண்டு டிசம்பரில் சிலாங்கூரைப் பெருவெள்ளம் சூழ்ந்தபோது ஆலயங்களும் குருத்வாராக்களும் பள்ளிவாசல்களும் இரவு பகலாக உணவு வழங்கியதை நன்றியோடு நினைக்கிறேன். வெள்ளம் வந்த பிறகு சோறு போடும் கைகளுக்கு, காடு அழியும் முன்னரே மனு எழுதும் கடமையும் உண்டு.

இன்று தோட்டங்களில் மருந்தடிப்பவர்களில் பலர் இந்தோனேசியாவிலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் வந்தவர்கள். அவர்கள் தொழுவது சூரா எனப்படும் சிறு தொழுகைக் கூடத்தில். நம் மக்கள் தோட்டத்தை விட்டு வெளியேறிவிட்டார்கள் என்பதற்காக இது நம் பிரச்சினை இல்லை என்று ஆலயங்கள் ஒதுங்குவதை என்னால் ஏற்க முடியாது. பாராகுவாட் போனாலும் கிளைபோசேட் போன்ற களைக்கொல்லிகள் இருக்கின்றன. நண்பகல் வெயிலும் இருக்கிறது. ஆகவே, அடுத்த ஆண்டுப் பொதுக்கூட்டத்திலேயே, கடும் வெயில் நேரத்தில் ஓய்வும் குடிநீரும், மருந்தடிப்போருக்குப் பாதுகாப்பு உடையும் முறையான மருத்துவப் பரிசோதனையும் கோரித் தீர்மானம் நிறைவேற்றி, சூரா நிர்வாகத்தையும் தேவாலயத்தையும் உடன் கையெழுத்திட அழைத்து, அதைத் தோட்ட நிர்வாகங்களிடம் நேரில் கொடுக்குமாறு எங்கள் ஆலய நிர்வாகத்தை வேண்டிக்கொள்கிறேன்.