450 ரூபாய்ச் சேலையும் ஒரு ஆல்டோ குரலும்

அக்டோபர் கடைசி ஆகிவிட்டால் நாகர்கோவில் பக்கத்துச் சபைகளில் இரண்டு பேச்சு ஆரம்பித்துவிடும். இந்த வருஷம் கிறிஸ்துமஸ் கேரல் சர்வீஸுக்கு என்ன பாட்டு? பாடகர் குழுவான கொயருக்கு என்ன சேலை? முதல் கேள்வி ஒரு வாரத்தில் தீர்ந்துவிடும். இரண்டாவது டிசம்பர் வரைக்கும் இழுக்கும். நான் 22 வருஷமாக ஆல்டோ, அதாவது பெண்களுடைய கீழ்க்குரல், பாடுகிறேன். இந்தச் சேலைப் பேச்சைப் பற்றி ரொம்ப நாளாக மனதில் கிடப்பதை இன்று எழுதிவிடுகிறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் ஒன்று. எனக்கு உடுப்பு பிடிக்கும். விலை குறைந்த நல்ல துணியைத் தேடி எடுப்பது இன்னும் பிடிக்கும். கோட்டாறு சவேரியார் கோயில் திருவிழா நவம்பர் கடைசியில் தொடங்கி டிசம்பர் 3-ல் முடியும். அந்த நாட்களில் ரோட்டோரம் விரிக்கிற துணிக்கடைகளில் ஒரு சாயங்காலம் முழுக்க நிற்பேன். துணியை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து இழை நெருக்கம் பார்க்க வேண்டும். உள்பக்கத் தையலில் எவ்வளவு துணி விட்டிருக்கிறார்கள் என்று பிரித்துப் பார்க்க வேண்டும். ஓரத்தை ஈரக் கைக்குட்டையால் தேய்த்து, சாயம் ஒட்டினால் வைத்துவிட்டு வந்துவிட வேண்டும். இதெல்லாம் அம்மா சொல்லிக் கொடுத்தது. மதுரைச் சுங்குடி எடுத்தால் முதல் அலசலுக்குக் கல்லுப்பு போட்ட தண்ணீர். திருப்பூர் எக்ஸ்போர்ட் மிச்சம் என்று வருகிற சட்டையில் எங்கேயோ ஒரு சின்னக் குறை இருக்கும், அது கைமடிப்புக்குள் போய்விடுமா என்று பார்த்து எடுத்தால் போதும். 200 ரூபாய்க்கு எடுத்த ஒரு பருத்தித் துணியை நம் அளவுக்குத் தைத்துப் போட்டுக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை காலையில் தெருவில் நடக்கும்போது வருகிற சந்தோஷத்தை நான் ஆண்டவருக்கு முன்னால் மறைத்து வைக்க வேண்டியதில்லை.

அந்தத் துணியை இஸ்திரி போடும்போது வாயில் ஒரு கீர்த்தனை ஓடிக்கொண்டிருக்கும். எங்கள் பாட்டிக்கு எழுதப் படிக்கத் தெரியாது, ஆனால் கீர்த்தனைப் புத்தகத்தில் பாதி மனப்பாடம். எந்தப் பாட்டு எந்த ராகம் என்று பெயர் சொல்ல வராது, பாடினால் பிசகாது. தஞ்சாவூர் வேதநாயகம் சாஸ்திரியார் 1774-ல் திருநெல்வேலியில் பிறந்தவர். சரபோஜி மன்னரோடு ஜெர்மன் மிஷனரி ஸ்வார்ட்ஸ் ஐயரிடம் படித்தவர். குறவஞ்சி, கும்மி என்று ஊரில் ஏற்கெனவே ஜனங்கள் வாயில் இருந்த வடிவங்களிலேயே விசுவாசத்தைப் பாட்டாக்கிக் கொடுத்துவிட்டு 1864-ல் போனார். அதனால்தான் படிக்காத பாட்டியின் வாய்க்கும் அது வந்து சேர்ந்தது. இன்னொரு பக்கம் பாமாலை. ஜெர்மன் மெட்டும் இங்கிலீஷ் மெட்டும் தமிழ் வார்த்தை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிற புத்தகம். ஒரே ஆராதனையில் ஒரு பாட்டுக்குத் தாளம் தட்டுவோம், அடுத்ததை நாலு குரலில் பிரித்துப் பாடுவோம். இரண்டும் எங்கள் வீட்டுச் சாமான்தான்.

ஆல்டோ பாடாதவர்களுக்கு ஒரு விஷயம் சொல்ல வேண்டும். ஆல்டோ வரியைத் தனியாகப் பாடினால் அது எந்தப் பாட்டு என்றே கண்டுபிடிக்க முடியாது. இரண்டு மூன்று சுரத்துக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வரும். சுரங்களை எழுத்தில் குறித்த சோல்ஃபா தாளை வைத்துக்கொண்டு வீட்டில் பாடிப் பார்த்தால், ‘இது என்னம்மா, ஒப்பாரி மாதிரி இருக்கு’ என்று பிள்ளைகள் கேட்பார்கள். ஆனால் பிராக்டிஸில் சோப்ரானோ மேலே போய், டெனரும் பாஸும் கீழே வந்து நின்றதும், நடுவில் நம் வரி போய்ப் பொருந்தும் ஒரு நொடி இருக்கிறதே, அதற்காகத்தான் மழையானாலும் கிளம்பிப் போகிறேன். நடுவில் ஒரு குரல் இல்லாவிட்டால் பாட்டு ஓட்டையாகிவிடும். கேட்கிறவர்களுக்கு என்ன குறைகிறது என்று சொல்லத் தெரியாது, குறைவது மட்டும் தெரியும்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் அப்படித்தான் ஒரு குரல் குறைந்தது.

அந்தத் தங்கச்சி ஒரு ஜவுளிக்கடையில் வேலை. கடை முடிந்து பிராக்டிஸுக்கு வரும்போது ராத்திரி எட்டே முக்கால் ஆகிவிடும். வந்ததும் பத்து நிமிஷம் சுவரோரம் காலை நீட்டி உட்கார்ந்திருப்பாள். கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை கொடுக்க வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021-லேயே சட்டம் வந்துவிட்டதே என்று ஒருநாள் கேட்டேன். ‘நாற்காலி கெடக்குதுக்கா, உட்காரத்தான் நேரம் இல்ல’ என்றாள். அப்புறம் எழுந்து நின்று பாடுவாள். எனக்குத் தெரிந்து எங்கள் ஆல்டோவில் சுருதி விலகாத ஒரே குரல் அவளுடையது. எனக்குச் சந்தேகம் வந்தால் தாளைப் பார்க்க மாட்டேன், அவள் பக்கம் காதைத் திருப்புவேன்.

அந்த வருஷம் கொயர் சேலை 2,650 ரூபாய் என்று முடிவானது. பட்டும் பருத்தியும் கலந்தது, பார்க்க நன்றாகத்தான் இருந்தது. பிளவுஸ் தையல் தனி. பிராக்டிஸ் முடிகிற நேரத்தில் அறிவித்தார்கள், எல்லோரும் சரி சரி என்றோம். நானும்தான் சரி என்றேன். அடுத்த வாரம் அவள் வரவில்லை, ஜலதோஷம் என்றாள். அதற்கடுத்த வாரம் கடையில் ஸ்டாக் எடுக்கிறார்கள் என்றாள். மூன்றாவது வாரம் நான் அவள் வீட்டுக்கே போனேன்.

கட்டிலில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். கடைக்காரப் பிள்ளை என்பது மடிப்பிலேயே தெரியும், ஓரத்தோடு ஓரம் ஒட்டி அவ்வளவு நேர்த்தி. ரொம்ப நேரம் ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம், ‘தையக்கூலியோட மூவாயிரத்துக்கு மேல வருதுக்கா. அம்மைக்கும் தம்பிக்கும் எடுக்கணும்லா’ என்றாள். நாங்கள் யாராவது எடுத்துத் தருகிறோம் என்று வாய் வரைக்கும் வந்தது. அதற்குள் அவளே, ‘யாரும் எடுத்துத் தந்தா நான் உடுத்த மாட்டேன்’ என்றுவிட்டாள். அது சரிதான். யாரோ தந்த சேலை என்று முப்பத்துச் சொச்சம் பேருக்குத் தெரிந்திருக்கும்போது அந்தப் பிள்ளை எப்படித் தலைநிமிர்ந்து வாய் திறப்பாள்? நாள் முழுக்க மற்றவர்களுக்குச் சேலை விரித்துக் காட்டுகிற பிள்ளையை, ஒரு சேலையைக் காரணமாக வைத்து ஆண்டவருடைய வீட்டில் பாட விடாமல் செய்துவிட்டோம். வீட்டுக்குத் திரும்புகிற வழியெல்லாம் எனக்கு இதுவேதான் ஓடிக்கொண்டிருந்தது.

பைபிளில் யாக்கோபு நிருபம் இரண்டாம் அதிகாரத்தை எத்தனை தரம் வாசிக்கக் கேட்டிருக்கிறோம். பொன் மோதிரமும் மினுக்கான உடுப்புமாக வருகிறவனுக்கு நல்ல இடம், அழுக்குத் துணியோடு வருகிற ஏழைக்கு ஓரத்தில் இடம் என்று செய்யாதீர்கள் என்று அவ்வளவு தெளிவாக எழுதியிருக்கிறது. நாங்கள் யாரையும் ஓரத்தில் உட்காரச் சொல்லவில்லை. விலையை மட்டும் சொன்னோம். அந்தப் பிள்ளை தானாகவே விலகிக்கொண்டது.

இதற்கு நேரெதிராக இன்னொரு கூட்டம் உண்டு. உடுப்பில் ஆசை வைப்பதே பாவம் என்பவர்கள். வெள்ளை மட்டும் உடுத்துகிற சபைகளும் நம் ஊரில் இருக்கின்றன. அவர்கள் பாடும்போது எனக்குக் கண் நிறைந்திருக்கிறது, அவர்கள் பக்தியைப் பற்றி எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை. ஆனால் பெண்கள் எதனால் தங்களை அலங்கரிக்கக் கூடாது என்று பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதியதைக் காட்டி மற்றவர்களைக் குற்றம் சொல்லும்போது மட்டும் நான் பேசுவேன். அந்த வசனத்தில் மயிர்ப் பின்னலுக்கு அடுத்துப் பட்டியலில் இருப்பது பொன், முத்து, விலையேறப்பெற்ற உடுப்பு. மூன்றும் காசு. நீதிமொழிகள் 31-ல் வருகிற பெண் தானே நெய்து, தானே விற்று, நிறமுள்ள நல்ல துணி உடுத்துகிறவள், அவளை வேதம் புகழ்கிறது. யோப்பாவில் தொற்காள் இறந்தபோது விதவைகள் பேதுருவிடம் காட்டி அழுததும் அவள் தைத்துக் கொடுத்த உடுப்புகளைத்தான்.

அதோடு, குமரி மாவட்டத்தில் பிறந்தவள் உடுப்பை அற்பம் என்று சொல்ல முடியாது. திருவிதாங்கூர் ஆட்சியில் இருந்த இந்த மண்ணில் எங்கள் பாட்டிமாருக்கு மேலே ஒரு துணி போட உரிமை இல்லாமல் இருந்தது. கிறிஸ்தவர்களான பெண்கள் குப்பாயம் என்கிற மேல்சட்டை போட்டதற்காக அடி வாங்கினார்கள், சந்தையில் துணி கிழிக்கப்பட்டது, சபைக் கோயில்களும் பள்ளிக்கூடங்களும் எரிந்தன. தோள்சீலைக் கலகம் என்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம், கிட்டத்தட்ட அரை நூற்றாண்டு நடந்த போராட்டம் அது. 1859 ஜூலை 26-ல் உத்திரம் திருநாள் மகாராஜா மேலே துணி போட அனுமதித்துப் பிரகடனம் போட்டார். அதிலும் மேல்சாதிப் பெண்கள் மாதிரி உடுத்தக் கூடாது, குப்பாயம் போடலாம், அல்லது முரட்டுத் துணியைச் சுற்றிக் கட்டிக்கொள்ளலாம் என்று நிபந்தனை. முரட்டுத் துணி! அந்த நிபந்தனையையும் தாண்டி வந்துதான் இன்றைக்கு எங்கள் தெருப் பிள்ளைகள் 300 ரூபாய்க்கு மாம்பழ மஞ்சளில் ஒரு குர்த்தி எடுத்துப் போட்டுக்கொண்டு சண்டே ஸ்கூலுக்குப் போகிறார்கள். விலை குறைந்த அழகான துணி எங்களுக்குச் சாதாரணமாக வந்துவிடவில்லை. அதை இளக்காரமாகப் பேசுவதை என்னால் கேட்டுக்கொண்டிருக்க முடியாது.

சரி, அந்த வருஷத்துக்கு வருகிறேன். அடுத்த பிராக்டிஸில் எழுந்து, நான் 2,650 ரூபாய் சேலை எடுக்கப் போவதில்லை என்று மட்டும் சொன்னேன். அவள் பேரை எடுக்கவில்லை. கொஞ்ச நேரம் அமைதி. அப்புறம் சோப்ரானோவில் ஒரு அக்கா, ‘எனக்கும் கஷ்டம்தான், சொல்ல வெட்கமா இருந்துச்சு’ என்றார். அவருக்குப் பின்னால் இன்னும் நாலு பேர். எங்களில் ஒருவருடைய சொந்தக்காரர் ஈரோட்டில் ஜவுளி வியாபாரம் செய்கிறார். செவ்வாய்க்கிழமைச் சந்தையில் பார்த்து 34 சேலை அனுப்பினார். சந்தன நிறப் பருத்தி, விரலகல அரக்குக் கரை, சேலை 430 ரூபாய். ஃபால்ஸ் துணி 20. அரக்குப் பிளவுஸ் எல்லோர் வீட்டிலும் ஒன்று இருந்தது.

ஃபால்ஸை நாங்களே வைத்துவிட்டோம். முந்தின நாளே தண்ணீரில் நனைத்துக் காயப் போட்டுவிட வேண்டும், இல்லையென்றால் முதல் அலசலில் அது சுருங்கிச் சேலையையும் சுருக்கிவிடும். ஒரு சனிக்கிழமை சபை ஹாலில் பாய் விரித்து ஆளுக்கொரு ஊசியோடு உட்கார்ந்தோம். ஓட்டுத் தையல் போட்டுக்கொண்டே பாட்டை ஆரம்பித்தோம். கீபோர்டு இல்லை, தாள் இல்லை. கண் ஊசியில், காது அடுத்தவர் குரலில். வருஷக்கணக்கில் சரியாக வராத ஒரு இடம், இரண்டாம் சரணத்தில் ஆல்டோ அரைச் சுரம் இறங்க வேண்டிய இடம், அன்றைக்குத் தானாக வந்து உட்கார்ந்தது. ஏனென்றால் அவள் என் பக்கத்தில் உட்கார்ந்து நூலைப் பல்லால் கடித்துக்கொண்டே பாடிக்கொண்டிருந்தாள். அந்தச் சேலைகளில் உள்ள அத்தனை தையலிலும் ஒரு பாட்டு இருக்கிறது என்றுதான் நான் நினைக்கிறேன்.

ஒரு கேள்வியை மட்டும் தள்ளிவிட்டுப் போக முடியாது. 430 ரூபாய்க்குச் சேலை வருகிறதென்றால் நெய்தவருக்கு என்ன கிடைத்திருக்கும்? 2013 ஏப்ரலில் டாக்கா பக்கத்தில் ராணா பிளாசா இடிந்து 1,100 பேருக்கு மேல் செத்தார்கள், மலிவுத் துணி தைத்துக்கொண்டிருந்தவர்கள். அதே யாக்கோபு நிருபம் ஐந்தாம் அதிகாரத்தில் வேலைக்காரருடைய பிடித்து வைத்த கூலி கூக்குரலிடுகிறது என்று வருகிறது. எனக்கு அந்த வசனம் உறுத்துகிறது. ஆனால் 2,650 ரூபாய்ச் சேலையில் நெய்தவர் கூலி கூடியிருக்கும் என்றும் யாரும் உறுதி தரவில்லை. நான் செய்கிறது இவ்வளவுதான்: குறைவாக எடுப்பேன், கிழிகிற வரைக்கும் உடுத்துவேன், கிழிந்தால் தைப்பேன், கையில் காசு இருக்கிற மாதம் கைத்தறிச் சங்கத்தில் எடுப்பேன். மாதம் ஐந்து உடுப்பு எடுத்து இரண்டு தரம் போட்டுவிட்டுத் தூக்கிப் போடுவதை நான் மலிவு என்று சொல்ல மாட்டேன்.

அந்தச் சந்தனச் சேலையை மூன்று கிறிஸ்துமஸ் உடுத்திவிட்டோம். கேரல் ரவுண்ட்ஸில் கப்பில் ஊற்றிய கட்டஞ்சாயா சிந்திய கறை என் முந்தானையில் இன்னும் இருக்கிறது. இந்த வருஷம் மறுபடியும் புதுச் சேலைப் பேச்சு வந்திருக்கிறது, 3,200 ரூபாய் என்று ஒரு படம் குரூப்பில் சுற்றுகிறது. எழுநூறுக்கு மேல் போகக் கூடாது என்று நான் எழுதிப் போட்டேன். அதற்குக் கீழே முதல் ஆளாக ‘நானும்’ என்று போட்டது அந்தத் தங்கச்சி. நிறம் இன்னும் முடிவாகவில்லை. அவள் மயில் கழுத்து நிறம் கேட்கிறாள், எனக்குக் கத்தரிப்பூ. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து பேசுவதாக இருக்கிறோம்.