பேரீச்சம்பழக்காரனின் பதில்

கடற்படைக்குப் புதிதாக வாங்குவது பற்றி நடந்த அந்த நேரலையைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். ஆனால் நேற்றிலிருந்து அந்தத் துண்டுக் காணொளியை எனக்கே அனுப்பி, கூடவே சிரிக்கிற பொம்மையும் போட்டு, "அண்ணே, பேரீச்சம்பழம் எப்ப கிடைக்கும்?" என்று கேட்கிறீர்கள். சரி, பதில் சொல்லிவிடுகிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும்.

பார்த்தவர்களுக்குத் தெரியும். ஒரு மணி நேரம் முழுக்க ரஃபேல் எம் போர் விமானம், ஸ்கார்பீன் நீர்மூழ்கி, அடுத்து வரப்போகும் ஆறு நீர்மூழ்கிகள் என்று பேசினார்கள். நல்ல பேச்சுதான், குறை சொல்ல மாட்டேன். நான் கருத்துப் பெட்டியில் கேட்டது ஒரே கேள்வி. புதியவை வரும்போது பழையவை எங்கே போகும், அவற்றை வெட்டுகிறவன் யார், அவனுக்கு என்ன பாதுகாப்பு? நெறியாளர் அதை வாசித்து முடிப்பதற்குள் அந்த ஓய்வுபெற்ற பெரியவர், "இதையெல்லாம் பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம் போடுறவர்கிட்ட கேக்கச் சொல்லுங்க, இங்க நாட்டுப் பாதுகாப்பு பேசிட்டிருக்கோம்" என்றார். நாலு பேரும் சிரித்தார்கள். அவ்வளவுதான், அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்கள்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உடனே வரப்போகும் குற்றச்சாட்டு இதுதான்: நான் கடற்படையை நவீனமாக்குவதற்கு எதிரி இல்லை. பழைய நீர்மூழ்கி என்ன செய்யும் என்று எனக்குப் பாடம் எடுக்க வேண்டாம். 2013 ஆகஸ்ட் 14 அன்று மும்பைத் துறைமுகத்தில் சிந்துரக்ஷக் நீர்மூழ்கி வெடித்து 18 பேர் செத்தார்கள். ஆறே மாதத்தில், 2014 பிப்ரவரியில், அதே வகை நீர்மூழ்கியான சிந்துரத்னாவில் தீப்பிடித்து இரண்டு அதிகாரிகள் போனார்கள். கடற்படைத் தளபதி ஜோஷி அன்றைக்கே பதவி விலகினார். (பொறுப்பேற்று விலகுவது என்ற வழக்கம் அப்போது இருந்தது.) ஸ்கார்பீன் ஒப்பந்தம் போட்டது 2005இல். முதல் படகு கல்வரி படையில் சேர்ந்தது 2017 டிசம்பரில், ஆறாவதான வாக்‌ஷீர் சேர்ந்தது 2025 ஜனவரியில். இருபது வருஷம்! அந்த இருபது வருஷத்தில் பெரும்பாலும் நம் பையன்கள் பழைய ருஷ்ய, ஜெர்மன் படகுகளில்தான் கடலுக்கு அடியில் போனார்கள். ஆகவே வாங்குங்கள், சீக்கிரம் வாங்குங்கள். அரக்கோணம் ராஜாளி கடற்படைத் தளத்தில் பழைய டுபோலெவ் ரோந்து விமானம் போய் பி-8ஐ வந்தபோது சந்தோஷப்பட்டவர்களில் நானும் ஒருவன்.

நான் சொல்வது இவ்வளவுதான். புதுசு வாங்கக் கையெழுத்துப் போடும் அன்றைக்கே, அதை ஒருநாள் யார் உடைப்பது, எப்படி உடைப்பது, அதற்கு என்ன செலவு என்றும் எழுதி வையுங்கள். வாங்கும் கணக்கோடு உடைக்கும் கணக்கும் சேரட்டும். இதில் எங்கே தேசத் துரோகம் இருக்கிறது?

விராட் என்ற விமானந்தாங்கிக் கப்பலை எடுத்துக்கொள்ளுங்கள். பிரிட்டனில் ஹெர்மிஸ் என்ற பெயரில் 1959இல் சேவைக்கு வந்து, 1982 ஃபாக்லாந்து போரில் அவர்களுக்குத் தலைமைக் கப்பலாக நின்று, 1987இல் நம்மிடம் சேர்ந்து, 2017 மார்ச் வரைக்கும் உழைத்த கப்பல். அதை அருங்காட்சியகம் ஆக்குவதாக மாநிலம் மாநிலமாகப் பேசினார்கள், யாருக்கும் பணம் வரவில்லை. கடைசியில் 38 கோடியே 54 லட்சத்துக்கு ஏலம் போய், 2020 செப்டம்பரில் உடைப்பதற்காகக் குஜராத்தின் அலங் கடற்கரைக்கு இழுத்துப் போனார்கள். 26 ரஃபேல் எம் விமானங்களுக்குச் சுமார் 63,000 கோடி. வாங்குங்கள் என்றுதான் மறுபடியும் சொல்கிறேன். ஆனால் இந்த இரண்டு தொகையையும் அருகருகே எழுதிப் பாருங்கள். பழைய கப்பல் நம் கணக்குப் புத்தகத்தில் வரவுப் பக்கத்தில் மட்டும்தான் வருகிறது. எடைக்குப் போட்டோம், காசு வந்தது, கை கழுவினோம். பேரீச்சம்பழக்காரன் நான் என்றால், ஐயா, தராசு பிடித்தது யார்?

இப்போது கொஞ்சம் என் கதை. நான் சரக்குக் கப்பலில் என்ஜினியராக இருந்தவன் என்று பலருக்குத் தெரியும். ஒரு பழைய கப்பலை அதன் கடைசிப் பயணமாக அலங்குக்குக் கொண்டுபோன குழுவில் இருந்தேன் என்று சிலருக்குத்தான் தெரியும். அங்கே கடல் ஏறி இறங்குவது பத்து மீட்டர் அளவுக்கு இருக்கும். அதனால்தான் அந்த இடம் இந்தத் தொழிலுக்கு வாய்த்தது. பௌர்ணமி, அமாவாசையை ஒட்டி வரும் பெரிய ஓதத்துக்காகக் காத்திருந்து, கரையைப் பார்த்து முழு வேகத்தில் விடச் சொல்வார்கள். வாழ்நாள் முழுக்கத் தரை தட்டக் கூடாது என்று பயந்த மனிதன், என்ஜின் ரூமில் நின்றுகொண்டு தரை தட்டுவதற்காக முழு வேகம் கொடுப்பது எப்படி இருக்கும் என்று சொல்லத் தெரியவில்லை. பெரிய சத்தமெல்லாம் இல்லை. தரைத் தகடுகள் நீளமாக அதிர்ந்தன, கண்ட்ரோல் ரூம் மேசையில் இருந்த கோப்பை தானாக நகர்ந்தது. அப்புறம் கடல்நீர் பம்ப் சேற்றை இழுக்க ஆரம்பித்து ஒவ்வொரு அலாரமாக அடித்தது. நிறுத்தினோம். அவ்வளவுதான் அந்தக் கப்பல்.

மறுநாள் பக்கத்துக் கப்பல் உடைப்பு யார்டில் ஒருவரைப் பார்த்தேன். ஒடிசாக்காரர், சின்ன வயசுதான். வெட்டி இறக்கிய நீராவிக் குழாயின் மேல் சுற்றியிருந்த வெள்ளை உறையை வெறும் கையால் பிய்த்துச் சாக்கில் திணித்துக்கொண்டிருந்தார். முகத்தில் ஒரு கைக்குட்டை. வெயிலில் அந்தத் தூசு மினுமினுத்தது. அது என்ன தெரியுமா என்று இந்தியில் கேட்டேன். "பஞ்சு, சார்" என்று சிரித்தார். அது ஆஸ்பெஸ்டாஸ், மூச்சில் போனால் நுரையீரலைக் கெடுக்கும் நார். எனக்குத் தெரியும், யார்டு மேஸ்திரிக்குத் தெரியும், எங்கள் கப்பலை விற்ற நிறுவனத்துக்கும் நன்றாகவே தெரியும். தெரியாதவர் அதைப் பிய்த்தவர் ஒருவர்தான்.

"அது பழைய கதை, இப்போது அலங் மாறிவிட்டது" என்பீர்கள். மாறியிருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். நூற்றுக்கும் மேற்பட்ட யார்டுகள், கப்பலைப் பாதுகாப்பாக உடைப்பதற்கான ஹாங்காங் உடன்படிக்கைக்கு ஏற்ற சான்றிதழ் வாங்கியிருக்கின்றன. சிமென்ட் தளம், கிரேன், பயிற்சி எல்லாம் வந்திருக்கிறது. ஆனால் ஆஸ்பெஸ்டாஸ் நோய் இருபது, முப்பது வருஷம் கழித்துத்தான் நெஞ்சில் தெரியும். அதற்குள் அந்தத் தொழிலாளி ஒடிசாவிலோ ஜார்க்கண்டிலோ தன் ஊருக்குப் போயிருப்பார். அங்கே மருத்துவர் காசநோய் என்று எழுதுவார். யார் கணக்கில் வரும் அந்தச் சாவு? 2006இல் உச்ச நீதிமன்றத்துக்காக ஆய்வு செய்த நிபுணர் குழு, ஆஸ்பெஸ்டாஸ் வேலையில் இருந்தவர்களை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தது. ஆறில் ஒருவருக்கு நுரையீரலில் அதன் ஆரம்ப அறிகுறி இருந்தது.

அந்த உடன்படிக்கை 2009இல் எழுதப்பட்டு 2025 ஜூன் 26 அன்றுதான் உலக அளவில் அமலுக்கு வந்தது. நம் நாட்டுக் கப்பல் மறுசுழற்சிச் சட்டம் 2019இலேயே வந்துவிட்டது. பெருமைப்பட வேண்டிய விஷயம்தான். இரண்டும் போர்க்கப்பலுக்குப் பொருந்தாது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட்டுப் பெருமைப்படுங்கள். "ஏலத்தில் விற்ற பிறகு அது போர்க்கப்பல் இல்லையே, அப்போது சட்டம் பொருந்துமே" என்று ஒரு வழக்கறிஞர் நண்பர் சொன்னார். பொருந்தட்டும். ஆனால் வணிகக் கப்பலில் எந்த அறையில் ஆஸ்பெஸ்டாஸ், எந்தக் கேபிளில் நச்சு, எந்தப் பெயின்டில் ஈயம் என்ற பட்டியல் அது ஓடும் காலத்திலேயே கப்பலில் இருக்க வேண்டும் என்பதுதான் அந்த உடன்படிக்கையின் உயிர். கட்டும்போதே எழுத ஆரம்பிக்க வேண்டிய பட்டியல் அது. நாற்பது, ஐம்பது வருஷம் ரகசியமாக வைத்திருந்த கப்பலை விற்ற மறுநாள் அந்தப் பட்டியல் வானத்திலிருந்தா விழும்? நான் நேரலையில் கேட்டதும் இதைத்தான். வாங்கும்போதே எழுதுங்கள்.

நீர்மூழ்கி என்றால் இன்னும் மோசம். சிந்து வகைப் படகு ஒன்றில் 240 பேட்டரி செல்கள், ஒவ்வொன்றும் சுமார் 800 கிலோ. ஈயமும் அமிலமும். உடம்பின் வெளியே ஒலியை உறிஞ்சும் ரப்பர் ஓடுகள் ஒட்டியிருக்கும், எதிரியின் சோனாருக்குச் சிக்காமல் இருக்க. அதே ரப்பர் கேஸ் கட்டரின் தீயில் உருகிப் புகையும்போது பக்கத்தில் நிற்பவன் மூச்சுக்குள்தான் போகும். உள்ளே நெளிந்து போகிற இடம், காற்றோட்டம் இல்லை. மூடிக் கிடந்த தொட்டியில் இரும்பு துருப்பிடித்துத் துருப்பிடித்து ஆக்சிஜனைத் தின்றிருக்கும். மூடியைத் திறந்து இறங்குகிறவன் எதையும் முகர மாட்டான், இருமவும் மாட்டான், மயங்கி விழுவான். காப்பாற்ற இறங்குகிற இரண்டாவது ஆளும் விழுவான். எண்ணெய்த் தொட்டியில் வாயு மிச்சமிருக்கும்போது கட்டரை வைத்தால் என்ன ஆகும் என்பதற்குப் பாகிஸ்தானின் கடானியைப் பாருங்கள். 2016 நவம்பர் 1 அன்று ஒரு டேங்கர் எரிந்து இருபதுக்கும் மேற்பட்டவர்கள் கருகினார்கள்.

"வெளிநாட்டுக்காரன் மட்டும் யோக்கியமா?" இல்லை. பிரான்ஸ் தன் கிளெமான்சோ விமானந்தாங்கிக் கப்பலை ஆஸ்பெஸ்டாஸோடு அலங்குக்கு அனுப்பியது. கூச்சல் எழுந்ததும் 2006 பிப்ரவரியில் அதிபர் சிராக் அதைத் திருப்பி அழைத்துக்கொண்டார், கடைசியில் இங்கிலாந்தில் உடைத்தார்கள். அதன் சகோதரக் கப்பல் ஃபோஷ், பிரேசிலுக்குப் போய் சாவ் பாவ்லோ என்ற பெயர் பெற்றது. உடைக்க அனுப்பியபோது அதைத் துருக்கி உள்ளே விடவில்லை, பிரேசிலும் தன் துறைமுகத்துக்குள் விடவில்லை. 2023 பிப்ரவரியில் அட்லாண்டிக்கில் மூழ்கடித்தே விட்டார்கள். அமெரிக்கா 2021இல் கிட்டி ஹாக் விமானந்தாங்கியை உடைப்பு நிறுவனத்துக்கு ஒரு சென்ட்டுக்கு, அதாவது டாலரில் நூறில் ஒரு பங்குக்கு, விற்றது. கேலியாகத் தெரியலாம். முறையாக உடைக்க ஆகும் செலவுக்கும் இரும்பு விலைக்கும் சரியாகப் போகிறது என்று அவர்கள் ஒப்புக்கொண்டதாகத்தான் நான் அதைப் பார்க்கிறேன். நமக்கு மட்டும் ஏலத்தில் கோடிகள் கிடைக்கிறது என்றால், அந்த வித்தியாசத்தை யார் நுரையீரல் கட்டுகிறது?

"ஆயிரக்கணக்கானவர்களுக்கு வேலை தருகிற தொழில்." ஆமாம், அதனால்தான் மூடு என்று நான் எங்குமே சொல்லவில்லை. நம் ராமநாதபுரம் மாவட்ட வாலிநோக்கத்திலும் ஒரு காலத்தில் கப்பல் உடைத்தார்கள், அந்த வேலையும் தேவைப்பட்டவர்களுக்குத்தான் தேவைப்பட்டது. இதற்கு மேல் இந்தக் கேள்விக்கு நேரம் ஒதுக்க விருப்பமில்லை. வேலை தருகிறேன், மூச்சைக் கொடு என்பது ஒரு வாதமா?

"ராணுவ ரகசியம்." குழாயில் சுற்றிய ஆஸ்பெஸ்டாஸ் எந்த எதிரிக்கு ரகசியம்?

எனக்கு உண்மையில் எரிச்சல் வந்தது அந்தப் பேரீச்சம்பழக் கேலிக்காக இல்லை. அந்தப் பெரியவர் கடற்படையில் இருந்தவர். நீராவிக் கப்பல் ஓட்டிய தலைமுறை. அந்த வெள்ளை உறைக்குப் பக்கத்தில் தூங்கியவர்கள் அவருடைய சக மாலுமிகள்தான், பழுதுபார்க்கும்போது அதைத் தட்டியவர்களும் அவர்கள்தான். உடைப்பவனுக்காக நான் கேட்ட கேள்வி, நியாயமாகப் பார்த்தால், அவர் ஆட்களுக்காகவும் கேட்ட கேள்வி. அவர் சிரித்தது அதனால்தான் எனக்குச் சுருக்கென்று இருந்தது. நெறியாளரை விட்டுவிடுகிறேன், அவருக்கு விளம்பர இடைவேளை வந்துவிட்டது.

இன்னொன்றும் மனதில் ஓடுகிறது. அரிஹந்த் வந்துவிட்டது, 2024இல் அரிகாட்டும் வந்துவிட்டது. அணு உலை உள்ள படகுகள். அவற்றுக்கும் ஒருநாள் வயசாகும். பிரிட்டன் 1980இல் ஓய்வு கொடுத்த ட்ரெட்நாட் என்ற அணு நீர்மூழ்கி இன்னும் ஸ்காட்லாந்தின் ரோசைத் துறையில் கட்டிக் கிடக்கிறது. அத்தனை பணமும் தொழில்நுட்பமும் உள்ள நாடு, நாற்பது வருஷத்துக்கு மேலாக ஒரு படகை முழுசாக அப்புறப்படுத்த முடியாமல் நிற்கிறது. நாம் அந்தப் பக்கத்தை எழுத ஆரம்பித்துவிட்டோமா? இதைக் கேட்டால் எனக்கு என்ன பட்டம் கொடுப்பார்களோ, ஈயம் பித்தளைக்காரன் என்பார்களோ என்னவோ.

இந்தப் பதிவின் கீழே "நீ எந்த நாட்டுக்காரன்" என்று எழுதப் போகிறவர்கள், மேலே நான் போட்ட தேதிகளில் எது தப்பு என்று சொல்லிவிட்டு எழுதுங்கள். இல்லையென்றால் நீக்கிவிடுவேன், வருத்தப்படாதீர்கள். கப்பல் உடைப்பு யார்டிலோ, கடற்படைப் பழுதுபார்ப்புத் துறையிலோ வேலை பார்த்தவர்கள், அவர்கள் வீட்டுக்காரர்கள் யாராவது இதைப் படித்தால் இன்பாக்ஸில் எழுதுங்கள். எந்த வருஷம், என்ன வேலை, இப்போது உடம்பு எப்படி இருக்கிறது என்று சொன்னால் போதும். பெயர் போட மாட்டேன்.