சேற்றைச் சுற்றிப் போன தடம்

ஜீப் வைத்திருக்கிற நானே இதை எழுதினால் கலிஃபோர்னியாவின் சாக்ரமென்டோ பக்கத்து நண்பர்கள் சிலருக்குக் கோபம் வரும். வரட்டும். வண்டி போகிற காட்டுப் பாதைகளை வனத்துறை ஒவ்வொன்றாக மூடுகிறது என்று வாட்ஸ்அப் குழுவில் ஓடுகிற புலம்பலில் எனக்குப் பாதிதான் உடன்பாடு.

போன வருஷம் ஜூனில் மூன்று வண்டிகளில் எல்டொராடோ தேசியக் காட்டுக்குப் போனோம். பனி உருகி முடிகிற சமயம். பாதையின் நடுவே ஒரு குட்டை, முழங்காலுக்குக் கீழேதான் ஆழம். முன்னால் போன நண்பர் முதல் நாள்தான் வண்டியைக் கழுவியிருந்தார். சேற்றில் இறக்க மனசில்லாமல் இடது பக்கப் புல்மேல் ஏற்றிச் சுற்றிப் போனார். "வா மச்சி, இந்தப் பக்கம் சூப்பரா இருக்கு" என்று வாக்கிடாக்கியில் குரல். இரண்டாவது வண்டியும் அதே வழியில் போனது. நான் இறங்கிப் பார்த்தேன். புல் மடங்கி, ஒரு சாண் ஆழத்துக்கு இரண்டு தடங்கள். அதற்குள் தண்ணீர் ஊறி, மெல்ல ஒரு பக்கமாக நகர்ந்துகொண்டிருந்தது.

அந்த நகர்தல்தான் விஷயமே. சியரா நெவாடா மலையின் ஈரப் புல்வெளி, உருகின பனியைக் குடித்து வைத்துக்கொண்டு கோடை முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகக் கசியவிடும். அதில் சக்கரத் தடம் விழுந்தால் வாய்க்கால் வெட்டின மாதிரி. தேங்க வேண்டிய தண்ணீர் ஓடிவிடும், நிலத்தடி ஈரம் இறங்கும், புல் காய்ந்த இடத்தில் பைன் கன்று முளைக்கும். வரப்பை ஒரு இடத்தில் வெட்டிவிட்டால் வயல் என்ன ஆகும் என்று தஞ்சாவூர்க்காரனான எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. அடுத்து வருகிறவன் அந்தத் தடத்தையும் சுற்றிப் போவான். ஒரு வண்டிப் பாதை நான்கு வண்டி அகலம் ஆவது இப்படித்தான். நேராகக் குட்டைக்குள் இறங்கு, முடியாவிட்டால் வண்டியைத் திருப்பு. இரண்டில் ஒன்று.

இதெல்லாம் நேற்று வந்த கெடுபிடி இல்லை. 1972இல் அமெரிக்க அதிபர் நிக்சன் போட்ட ஆணையிலேயே நாட்டில் இப்படிச் சாலையை விட்டு ஓடுகிற 50 லட்சம் வண்டிகள் இருக்கலாம் என்று சொல்லி, மண்ணும் நீரும் விலங்கும் கெடாதபடி பாதைகளைக் குறித்துக் கொடுங்கள் என்று உத்தரவிட்டார்கள். வனத்துறை அதை ஒழுங்காகச் செய்ய ஒரு விதி போட்டது 2005இல். அதுவரை பல காடுகளில் மூடியிருப்பதாகச் சொல்லாத இடமெல்லாம் திறந்த இடம். அந்த விதி அதைத் தலைகீழாக்கியது. வரைபடத்தில் குறித்திருந்தால் போகலாம், குறிக்காவிட்டால் போகக்கூடாது. "பலகையே இல்லையே சார்" என்பது செல்லாது.

இந்த இடத்தில் நான் புலம்புகிறவர்கள் பக்கம். அந்த வரைபடத்தைப் பார்த்திருக்கிறீர்களா? கறுப்பு வெள்ளையில், மேடு பள்ளம் ஒன்றும் காட்டாமல், கோடுகளும் எண்களும் மட்டும். ஒரு கோடு எல்லா வண்டிக்கும், இன்னொரு கோடு 50 அங்குல அகலத்துக்கு உட்பட்டதுக்கு மட்டும். ரயில்வே கால அட்டவணையே இதைவிட அன்பாக இருக்கும். இலவசம்தான், கைப்பேசியில் இறக்கிக்கொண்டால் சிக்னல் இல்லாத இடத்திலும் நாம் நிற்கிற புள்ளியைக் காட்டும். ஆனால் முதல் தடவை காட்டுக்கு வருகிற ஆளிடம் இதைத் தேடிப் பிடித்துப் படிக்க வேண்டியது உன் பொறுப்பு என்று சொல்லிவிட்டு, பாதை பிரிகிற இடத்தில் ஒரு எண் பலகைகூட நடாமல் இருப்பது நியாயமாகப் படவில்லை.

மூடுவதும் ஒரேயடியாக நடப்பதில்லை. எல்டொராடோவில் 2008இல் பாதைகளை முடிவுசெய்தார்கள், சூழல் அமைப்புகள் வழக்குப் போட்டன, 2012இல் புல்வெளிகளைக் கடக்கும் 42 பாதைகள் மூடப்பட்டன. அப்புறம் ஒவ்வொன்றாக ஆராய்ந்து சிலவற்றைத் திறந்தார்கள். ஜனவரி 1 முதல் மார்ச் 31 வரை மண் சாலைகள் மூடல், ஈரம் காயாவிட்டால் இன்னும் நீளும்.

"ரூபிகானை மட்டும் ஏன் விட்டு வைத்தார்கள்?" என்று உடனே கேட்பீர்கள். இதே காட்டு வழியாகப் போகிற, ஜீப் கம்பெனி தன் வண்டிக்கே பேர் வைத்துக்கொண்ட பாதை அது. 1887இலேயே மாவட்டப் பொதுச் சாலை என்று அறிவிக்கப்பட்டதால் இந்தப் பருவ மூடல் அதைத் தொடாது. ஆனால் அங்கேயும் மண்ணரிப்பு, சிந்தின எண்ணெய், மனிதக் கழிவு என்று நாறிப்போய், 2009இல் தண்ணீர் வாரியம் மாவட்டத்துக்குச் சுத்தம் செய்யச் சொல்லி உத்தரவு போட்டது. இன்றைக்குப் பையில் கழித்துக் கையோடு எடுத்து வர வேண்டும். நாமே வரவழைத்துக்கொண்ட விதி.

"நம்ம வரிப்பணம், நம்ம காடு" என்று குழுவில் ஒருத்தர் எழுதியிருந்தார். சரி அண்ணே, அதே வரிப்பணத்தில்தான் அந்தத் தடத்தையும் மூட வேண்டியிருக்கிறது.

இந்த ஜூலையில் அந்த நண்பரை என் வண்டியில் ஏற்றிக்கொண்டு அதே இடத்துக்குப் போனேன். குட்டை வற்றியிருந்தது. புல்வெளியில் தடம் அப்படியே இருந்தது, பக்கத்தில் புதிதாக இன்னொன்று. இறங்கிப் போய், செருப்புக் காலால் ஓரத்து மண்ணைத் தள்ளிப் பார்த்தார். கல் மாதிரி இறுகியிருந்தது. ஒன்றும் பேசாமல் வந்து உட்கார்ந்து, டேஷ்போர்டில் கிடந்த வரைபடத்தை எடுத்து விரித்தார்.