சண்டை நின்னதும் போர்க்கைதி முகாம் கேட்டை தொறந்துடுவாங்களா?
"சண்டை நின்ன உடனே கைதிங்களை விட்டுடணும்னு ஜெனீவா ஒப்பந்தம் சொல்லுது, மத்ததெல்லாம் பேப்பர் வேலை"னு கட்டுரையில போட்டிருக்கீங்க, முதல் பாதி ஓகே, போர்க்கைதிகளுக்கான 1949 மூணாவது ஜெனீவா ஒப்பந்தத்தோட 118வது பிரிவு அதைத்தான் சொல்லுது, ஆனா ரெண்டாவது பாதியை எங்கேர்ந்து பிடிச்சீங்கன்னு தெரியல. 1971 டிசம்பர்ல டாக்காவுல இந்தியா பாகிஸ்தான் சண்டை முடிஞ்சு சிவிலியன்களும் சேர்த்து சுமார் 93,000 பாகிஸ்தான்காரங்க இந்தியா கையில இருந்தாங்க, கடைசி ஆள் வாகா எல்லை தாண்டிப் போனப்ப 1974 ஏப்ரல், நடுவுல பங்களாதேஷை பாகிஸ்தான் அங்கீகரிக்கணுமா, அவங்கள்ல 195 பேரை போர்க்குற்றத்துக்கு விசாரிக்கணுமான்னு இழுபறி, கடைசியில அந்த 195 பேரும் விசாரணை இல்லாமலே ஊர் போய் சேர்ந்தாங்க, இதுவா பேப்பர் வேலை? ஈரான் ஈராக் கதையும் அதேதான், 1988ல சண்டை நின்னுச்சு, பெரிய அளவுல பரிமாற்றம் 1990 ஆகஸ்ட்ல, அதுவும் ஈராக் அதிபர் சதாம் குவைத்துக்குள்ள பூந்த பிறகு. நிஜமான பேப்பர் வேலைன்னா அது ஆரம்பத்துல வர்ற கார்டு, முகாமுக்கு வந்து ஒரு வாரத்துக்குள்ள கைதி தான் பிடிபட்டதையும் உடம்பு எப்படி இருக்குன்னும் வீட்டுக்கு எழுத விடணும், இன்னொரு கார்டு செஞ்சிலுவை ஏஜென்சிக்கு, அது போகலைன்னா ஆள் கணக்குலயே இருக்கமாட்டான், அப்புறம் யாரை விடச் சொல்லி கேக்கறது? மேல கமெண்ட்ல ஒருத்தர் "எந்த கைதியாவது வீட்டுக்கு போகமாட்டேன்னு சொல்வானா"ன்னு சிரிச்சிருக்கார், கொரியா போர்ல 22,000 பேருக்கு மேல சொன்னாங்க சார், பெரும்பாலும் சீனாக்காரங்க, எதிர்ப்பக்கம் சீனா, வட கொரியா கையில இருந்த 21 அமெரிக்கருங்க கூட, இந்த ஒரு பிரச்சினையிலேயே பேச்சுவார்த்தை 1953 ஜூன் வரைக்கும் இழுத்துச்சு.